வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர் தொழிலாளியா, சொந்தத் தொழில் செய்பவரா?

கேள்வி (சாட்ஸ்வொர்த்வாசி):
வணக்கம். டர்பனில் என் சின்னம்மா வீட்டிலிருந்தபடியே ஒரு ஒப்பந்தக்காரருக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். வெட்டிய துணி மூட்டையாக வரும்; தைத்து, நூல் பிசிறு நீக்கி, மடித்துக் கொடுத்தால் உருப்படிக் கணக்கில் கூலி. தையல் இயந்திரமும் மின்சாரச் செலவும் அவருடையவை. பிழை என்று திரும்பும் சட்டைகளுக்குக் கூலி பிடிக்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் கேட்டதற்கு, சொந்தத் தொழில் செய்பவர் என்று அவர் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார்கள். பன்னாட்டுச் சட்டங்களில் இவருக்கு இடம் உண்டா?

மறுமொழி 1 (பழைய சங்கத்தார்):
உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றி 2000இல் நடைமுறைக்கு வந்த 177ஆம் உடன்படிக்கை இத்தகையோருக்கென்றே எழுதப்பட்டது. துணியையும் கருவியையும் யார் கொடுத்திருந்தாலும், வேலை கொடுப்பவர் சொன்னபடி கூலிக்குச் செய்து தருபவர், உண்மையிலேயே தன் காலில் நிற்கும் தொழில்முனைவோராக இல்லாதவரை, தொழிலாளியே என்கிறது அது. உடன் வந்த 184ஆம் பரிந்துரை மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு போன்ற செலவுகளையும் ஈடுகட்டச் சொல்கிறது. அகமதாபாத்தின் பெண் தொழிலாளர் அமைப்பான சேவா சங்கம் இதற்காக நெடுநாள் போராடியது. அந்த இந்தியாவே இன்னும் ஏற்கவில்லை என்பது வேறு கதை. தென்னாப்பிரிக்காவும் ஏற்காததால், இங்கே அதை மட்டும் நம்பி வழக்காட முடியாது.

மறுமொழி 2 (சட்டம் படித்தவள்):
உள்நாட்டுச் சட்டமே போதும் என்பது என் கருத்து. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200அ பிரிவு, ஒப்பந்தம் எந்த வடிவில் இருந்தாலும், ஏழு அடையாளங்களில் ஒன்று இருந்தாலே அவரை ஊழியராகக் கருதச் சொல்கிறது. அல்ல என்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. ஒரே ஆளுக்கு மட்டும் வேலை செய்வது, வருமானத்துக்கு அவரையே நம்பியிருப்பது, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது அவருக்காக உழைத்திருப்பது ஆகியவை அவற்றுள் சில. இயந்திரம் சொந்தமானது என்பதாலேயே வழக்கு கெட்டுவிடாது. இந்தப் பிரிவு பொருந்த, வருமானம் தொழிலாளர் துறை அமைச்சர் அறிவிக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். உருப்படிக் கூலியில் அந்த வரம்பைத் தாண்டுபவர் எவர்? 2018ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமோ, பிறருக்காக உழைத்து ஊதியம் பெறும் எவரையும் தொழிலாளி என்கிறது. சேதத்துக்குக் கூலி பிடிப்பதற்கும் எழுத்து மூலமான ஒப்புதலும் முறையான விசாரணையும் வேண்டும்; அப்போதும் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் புகார் செய்தால் அடுத்த மூட்டை வராது என்று சின்னம்மா அஞ்சுகிறார்.

மறுமொழி 3 (பினிக்ஸ் தையல்காரி):
அந்த அச்சம் நியாயமானதே, தம்பி. முதலில் ஒரு நோட்டில் மூட்டை வந்த தேதி, உருப்படி எண்ணிக்கை, தைத்த நேரம், பிடித்த தொகை ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாட்சப் செய்திகளையும் அழிக்க வேண்டாம். கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால்தான் குறைவு எவ்வளவு என்று தெரியும். அதே ஒப்பந்தக்காரரிடம் தைக்கும் மற்ற பெண்களோடு சேர்ந்து சிசிஎம்ஏ என்னும் தொழில் தகராறு சமரச, நடுவர் ஆணையத்துக்குப் போவது நல்லது. அங்கே கட்டணம் கிடையாது. ஒப்பந்தக்காரர் வேலை தருவதை நிறுத்திவிட்டால், அது பணிநீக்கம் என்று 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும்.