மாரிஸ்டவுனும் கடலூரும்: மகளின் கட்டுரைக்கு உதவி வேண்டும்

நியூஜெர்சி நண்பர்களுக்கு வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்தின் உள்ளூர்க் கிளை நடத்தும் வரலாற்றுக் கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறாள். 1890-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் உறுப்பினராக, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த ஒருவரின் நேரடி வாரிசு என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். போட்டிக்கு அந்த நிபந்தனை இல்லை, எந்தப் பிள்ளையும் எழுதலாம்.

போன வாரம் மாரிஸ்டவுன் பக்கம் ஜாக்கி ஹாலோ போனோம். 1779-80 கடுங்குளிரில் வாஷிங்டனின் படை தங்கிய காடு அது. அதே மாதிரியில் திரும்பக் கட்டிய மரக்குடிசைக்குள் நுழைந்து, பலகைப் படுக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒரு குடிசைக்குப் பன்னிரண்டு பேர்! "சோறு கிடைச்சுதாப்பா?" என்றாள். பல நாள் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அப்புறம்தான் நம்ம ஊர்த் தொடர்பைச் சொன்னேன். அமெரிக்கருக்குத் துணையாகப் பிரான்ஸும் ஆங்கிலேயரை எதிர்த்ததால், அந்தப் போரின் கடைசிச் சண்டைகள் 1783 ஜூனில் நடந்தது நம் கடலூரில். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே முதற்கட்டச் சமாதான உடன்பாடு ஆகிவிட்டது. சேதி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலூரில் மோதி, எத்தனையோ உயிர் போய்விட்டது. இதை அவள் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கடலூர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தச் சண்டை பற்றி ஊரில் கல்வெட்டோ, கல்லறையோ, பெரியவர்கள் சொன்ன கதையோ இருந்தால் சொல்லுங்கள். ஒரு படம் கிடைத்தாலும் போதும். இந்தப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர்களும் எழுதுங்கள்.