முதன்மைச் சான்றை வகுப்பில் எப்படி வாசிக்கவைப்பது?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்பில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த சோழர்காலக் குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை மாணவர்களே வாசித்து முடிவுக்கு வரும்படி பாடம் நடத்த வேண்டும். ஒரு பீரியட் 40 நிமிடம்தான். இரண்டு சிக்கல்கள். கல்வெட்டைக் கையில் கொடுத்தாலும் பாடநூல் வரியையே விடையாக எழுதுகிறார்கள். யார், ஏன் எழுதினார்கள் என்று கேட்டால் "ஒருபக்கச் சார்பு, நம்ப முடியாது" என்று முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு வாசகம் கொடுக்கலாம்? எந்த வரிசையில் போகலாம்?

பதில் 1:
வணக்கம் டீச்சர். 8 முதல் 10 வரி போதும், அதற்கு மேல் போனால் வாசிப்பிலேயே நேரம் போய்விடும். சொற்பிரித்து இன்றைய எழுத்தில் கொடுங்கள். விட்ட இடங்களில் புள்ளி வையுங்கள். குடும்பு (ஊரின் ஒரு பிரிவு), வாரியம் (குழு), வேலி (நில அளவு) போன்ற ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் ஓரத்தில் பொருள். கல்வெட்டின் படம் ஒன்றும் இருக்கட்டும்.

சான்றின் விவரத்தை (எந்த அரசன் காலம், எந்த இடம், யார் முடிவு) தாளின் தலைப்பில் போடுங்கள். அடியில் போட்டால் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. முதல் 5 நிமிடம் அதை மட்டும் வைத்துப் பேசுங்கள்: சபையே எடுத்த முடிவை, சபை கூடிய மண்டபத்தின் சுவரில் ஏன் வெட்டினார்கள்? அரசனின் அதிகாரி ஏன் உடனிருந்தார்? வாசிக்க 10 நிமிடம், பேச 15, எழுத 10.

பாடநூல் வரி திரும்ப வருவதற்குக் காரணம் நம் கேள்விதான். "குடவோலை முறையை விளக்குக" என்றால் அதைத்தான் எழுதுவார்கள். "இந்த ஊரில் யாருடைய பெயர் ஓலையில் ஏறவே முடியாது? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுவார்கள். பெண்கள், நிலமற்றவர்கள், பிராமணர் அல்லாதவர்கள் இதில் இல்லை என்பது அவர்கள் வாயாலேயே வரும். "அப்போதே ஜனநாயகம்" என்ற வரியை அதன்பிறகு எடைபோடச் சொல்லலாம். அதே கையோடு, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய விதியைத் தவறாமல் காட்டுங்கள். அது அந்தச் சபையின் உண்மையான கவலை; அதை மறைத்தால் நாமும் பாதிச் சான்றைத்தான் காட்டியவர்களாவோம்.

பதில் 2:
"சார்பு" சிக்கலுக்கு ஒரே சான்று போதாது. அடுத்த பீரியடில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் (1736–1761) 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த பகுதியை எடுங்கள். அவர் இருந்தது புதுச்சேரியில். சென்னைச் செய்தி கடிதமாகவும் ஆள் மூலமாகவும் வந்தது. அவர் கண்டதை ஒரு நிறத்திலும் கேட்டதை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலக் கம்பெனி ஆவணம் ஒன்றை 6 வரிக்குள் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்று தேடவையுங்கள்.

"நம்பலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எதற்கு நம்பலாம்?" என்று கேளுங்கள். பிள்ளை வணிகர், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு நெருக்கமானவர். சென்னையில் என்ன நடந்தது என்பதற்கு அவர் எழுத்து மட்டும் போதாது. ஆனால் அந்தச் செய்தியைப் புதுச்சேரியில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நெருங்கிய சான்று கிடைப்பது அரிது. சார்பே சான்றாகும் இடம் இதுதான். ஒருமுறை பிடிபட்டால் அந்த ஒற்றை வார்த்தை விடை நின்றுவிடும்.

பதில் 3:
மதிப்பெண்ணும் மாறவேண்டும். 5 மதிப்பெண் என்றால் முடிவுக்கு 1, சான்றிலிருந்து எடுத்த சொற்களுக்கு 2, எழுதியவர் நிலையைக் கணக்கில் எடுத்ததற்கு 1, சான்று சொல்லாததைச் சுட்டியதற்கு 1. கடைசி ஒன்றைத்தான் அதிகம் பேர் விடுவார்கள், முதல் சில வாரம் கரும்பலகையிலேயே எழுதிவையுங்கள்.

பதில் 4:
டீச்சர், தாள் தயாரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உத்திரமேரூரில் இது பற்றி இரண்டு கல்வெட்டுகள் உள்ளன: முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919, 921. இரண்டையும் கலந்து ஒரே வாசகமாகப் போடாதீர்கள். மேலே சொன்ன தகுதிகள் 921க்கு உரியவை. நேரம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டே ஆண்டில் சபை ஏன் மறுபடி விதி எழுதியது என்று ஊகிக்கச் சொல்லலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் கல்வெட்டிலிருந்து ஒரு சொல்லைக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை.