தடைக்கால உணவுச் சீட்டில் பாக்கெட் தீனி, கூல்டிரிங்ஸ் வாங்கக் கூடாது என்று போடலாமா?

தங்கச்சிமடத்துக்காரி:

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கூட்டம். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதனால் கேட்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசாங்கத்தின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரும், ஆனால் அது வட்டிக்கும் வலைக்கும் போய்விடும். அதனால் போன வருடம் நாங்களே பணம் திரட்டி, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் அனுப்ப, கஷ்டப்படுகிற வீடுகளுக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு உணவுச் சீட்டு கொடுத்தோம். ஊரில் மூன்று மளிகைக் கடை, எதில் வேண்டுமானாலும் காட்டிச் சாமான் வாங்கலாம். சாராயம், சிகரெட், பான்மசாலா கிடையாது என்று முதலிலேயே பேசிவிட்டோம், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

சீட்டுக் கணக்கை எழுதியது நான்தான். கடைகளிலிருந்து வந்த துண்டுச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பத்து, பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் இரண்டு, நூடுல்ஸ் நான்கு. ஒரு கட்டுக் கீரை இல்லை. அந்த வீட்டு அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று எனக்குத் தெரியும். இப்படி அந்த ஒரு வீடு மட்டும் இல்லை.

இந்த வருடம் சீட்டில் இதற்கெல்லாம் தடை போட்டுவிடலாம் என்கிறார்கள். நானும் முதலில் அதற்குத்தான் கை தூக்கினேன், ஆனால் இரவு படுத்தால் செய்வது சரிதானா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கொடுக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. துபாய் வெயிலில் உழைத்து அனுப்புகிற பிள்ளை, அந்தக் காசு கலர் சோடா வாங்கவே போகிறது என்று கேள்விப்பட்டால் அடுத்த வருடம் அனுப்புமா?

சின்னப்பாலம் பொண்ணு:

அக்கா, தயவுசெய்து தடை போடாதீர்கள். எனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார், அப்படியும் விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய்விட்டது, இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை வைத்தால் ஒரு தடவை கைரேகை விழும். அது தனிக்கதை. அந்த வருடம் உதவி என்று ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அம்மா பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டில் ஒன்றைப் பிய்த்துத் தம்பி கையில் கொடுத்தார். கடைக்காரர் எல்லார் முன்னாலும், "இதெல்லாம் கூப்பன்ல வராதும்மா, வை" என்றார். தம்பி கையிலிருந்து அம்மாவே அதை வாங்கி மறுபடியும் சரத்தில் சொருகப் பார்த்தார். பிய்த்த பாக்கெட் நிற்குமா? கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, கல்லாப் பக்கத்தில் வைத்தார். தம்பி அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் அம்மா அந்தக் கூப்பனைக் கையில் எடுக்கவே இல்லை, மீதிப் பணம் அப்படியே போயிற்று.

இன்னொன்று. ரேஷனில் சர்க்கரை கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரசாங்கமே மாதாமாதம் கொடுக்கிறது. சிப்ஸும் எண்ணெயில் பொரித்ததுதான், கலரும் சர்க்கரைத் தண்ணீர்தான். ரேஷனில் வாங்கினால் உதவி, பிள்ளை ஆசைப்பட்டு ஐந்து ரூபாய்க்கு வாங்கினால் மட்டும் குற்றமா?

வலைக்காரன்:

நான் தடை வேண்டும் என்கிற பக்கம். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் காலில் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுத்தார்கள், அப்போது வயது 48. படகில் நிற்க முடியாதவனுக்குக் கடலில் என்ன வேலை? அவர் தினமும் கரையேறியதும் குடித்தது சாராயம் இல்லை, கலர். ஊர்ப் பணத்தில் அந்த வியாதியை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான் என் பேச்சு. சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. தங்கச்சி சொன்ன அவமானம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தால் வந்தது.

கீழக்கரை டு நியூ ஜெர்சி:

இங்கே அமெரிக்காவில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். இதே வாக்குவாதம் இங்கேயும் பல வருடமாக நடக்கிறது. இல்லாதவர்கள் சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் பணம் கொடுக்கிற ஸ்னாப் என்று ஒரு திட்டம், முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்பார்கள், ஏறத்தாழ நாலு கோடிப் பேர் வாங்குகிறார்கள். ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு கார்டு, அதில் மாதாமாதம் பணம் ஏறும், பின்னால் நிற்பவருக்கு அது என்ன கார்டு என்றே தெரியாது. சாராயம், சிகரெட் முடியாது. சூடான சாப்பாடும் பெரும்பாலும் முடியாது. சுட்ட கோழி சூடாக இருந்தால் கார்டு ஏற்காது, அதே கோழி ஆறி ஃபிரிட்ஜுக்குப் போனால் ஏற்கும். வேலை முடிந்து இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாயிடம் இதைச் சொல்ல வேண்டியது நான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு கூசும்.

கூல்டிரிங்ஸுக்கு ரொம்ப காலம் தடை இல்லை. 2010-இல் நியூயார்க் நகரம் இனிப்புப் பானங்களை நிறுத்திப் பார்க்க அனுமதி கேட்டது, 2011-இல் மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 மே மாதம் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு முதல் அனுமதி கொடுத்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து அங்கே சோடாவும் எனர்ஜி டிரிங்க்கும் அந்தக் கார்டில் கிடையாது. பின்னாலேயே இன்னும் பல மாநிலங்கள் வாங்கிவிட்டன.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011, 2012-இல் எதையும் தடுக்காமல் ஒன்று செய்து பார்த்தார்கள். ஒரு டாலருக்குப் பழமோ காய்கறியோ வாங்கினால் 30 சென்ட் கார்டிலேயே திரும்ப ஏறும். அந்தச் சலுகை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 26 சதவீதம் கூடுதலாகப் பழமும் காயும் சாப்பிட்டார்கள். நம் சீட்டிலும் அதைச் செய்யுங்கள் அக்கா, 100 ரூபாய்க்குக் காய், முட்டை, மீன், பயறு எடுத்தால் 130 ரூபாய்க்குச் சாமான் என்று. நான் அனுப்புகிற பணத்தை அதற்கே எழுதிக்கொள்ளுங்கள்.

சத்துணவு அக்கா:

பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் 14 வருடமாகச் சமைக்கிறேன். ஒரு விசயத்தை யாரும் சொல்லவில்லை. தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வருகிறது. பள்ளி நடந்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று 2022-இல் தொடங்கிய காலை உணவு இருக்கிறது, மதியம் சோறும் முட்டையும் இருக்கிறது. மே மாதம் இரண்டும் கிடையாது. அப்பா கரையில் உட்கார்ந்திருக்கிறார், மையம் பூட்டிக்கிடக்கிறது, பிள்ளை பத்து மணிக்குப் பசிக்கிறது என்கிறது. அந்த நேரத்தில் ஐந்து ரூபாய் பாக்கெட்டை விட்டால் கைக்கு எட்டுகிற மாதிரி என்ன இருக்கிறது? ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் நான் சாதத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே வடிப்பேன், இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சீட்டோடு சேர்த்து, காலையில் பிள்ளைகளுக்கு ஒரு அவித்த முட்டையும் சுண்டலும் பொதுவில் கொடுங்கள். லீவில் நான் வீட்டில்தான் இருப்பேன், வந்து செய்து தருகிறேன்.

கலருக்கு மட்டும் தடை போடுங்கள், அதில் நான் வலைக்காரத் தம்பி பக்கம். ஆனால் போட்டால் ஊருக்கே போடுங்கள். பள்ளிக்கூடத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தீனி விற்கக் கூடாது என்று 2020-இலேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. அது எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டது, அதனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. திருவிழாவில் ஊர்க் குழு பந்தல் போட்டுக் கலர் கொடுக்கிறதே, முதலில் அதை நிறுத்தி மோர் கொடுங்கள்.

மளிகைக்கடை:

அக்கா, அந்த மூன்று கடையில் ஒன்று என்னுடையது, யார் என்று உங்களுக்குத் தெரியும்.

காய்கறி மதுரையிலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும். மதியத்துக்குள் விற்காவிட்டால் கீரை வாடிவிடும், தக்காளி கசிந்துவிடும். தடைக்காலத்தில் வாங்க ஆள் இல்லை என்று நானே பாதியாகக் குறைத்துவிடுவேன், அதனால் நீங்கள் துண்டுச் சீட்டில் கீரையைத் தேடியிருந்தால் அந்த வாரம் என் கடையில் கீரையே இல்லாமலும் இருந்திருக்கும். பாக்கெட் மாதக்கணக்கில் தொங்கினாலும் கெடாது, கம்பெனி வண்டி வாசலில் வந்து இறக்கிவிட்டுப் போகும். மீனும் அப்போது நாட்டுப்படகு மீன்தான், சூடையும் காரலும்கூட விலை ஏறிவிடும்.

சரத்தை வாசலில் இருந்து உள்ளே மாட்டச் சொன்னால் மாட்டுகிறேன், பிள்ளைகள் கண்ணில் படாது. ஆனால் இது வரும், இது வராது என்று பிரிக்கிற வேலையை மட்டும் என்னிடம் விடாதீர்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், நாளைக்கு அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் இத்தனை வீடு காய் எடுக்கும் என்று உறுதி சொல்லுங்கள், நான் வண்டி சொல்லிவிடுகிறேன். சாயல்குடிப் பக்கமிருந்து நுங்கு வருகிற காலமும் அதுதான், அதையும் இறக்குகிறேன்.

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சின்னப்பாலம் தங்கச்சி எழுதியதை எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். கடையில் வைத்துப் பிரிப்பது வேண்டாம் என்று கூட்டத்தில் நானே சொல்கிறேன். கை தூக்கியதும் நான்தானே. 100-க்கு 130 என்பதையும், காலையில் முட்டையையும் முன்வைக்கிறேன். பந்தல் கலரை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், வரட்டும். சீட்டில் கலர் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் மனசு இரண்டாக இருக்கிறது. வலைக்காரத் தம்பி, முடிந்தால் அப்பாவைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், அவர் சொல்லட்டும்.

கடைக்கார அண்ணே, ஒரு லோடுக்குக் குறைந்தது எத்தனை வீடு வேண்டும்? சத்துணவு அக்கா, 60 பிள்ளைகளுக்குச் சுண்டல் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு கடலை ஊறப்போட வேண்டும்? சனிக்கிழமை ராத்திரிக்குள் இரண்டு பேரும் சொல்லிவிடுங்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம்.