கீழ்த்தளத் திரைக்கும் விஎச்எஃப் ரேடியோவுக்கும் ஜிபிஎஸ் இடம் போகவில்லை, உதவி வேண்டும்

சுக்கான்:
வணக்கம். படகில் மூன்று கருவிகள் வைத்திருக்கிறேன். சுக்கான் அறையில் சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை), ஜிபிஎஸ் அதற்குள்ளேயே உண்டு. கீழ்த்தள அறையில் இன்னொரு திரை. அதிலும் ஜிபிஎஸ் உண்டு, ஆனால் தலைக்கு மேல் இரும்புத் தளம் என்பதால் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மூன்றாவது, ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் டிஎஸ்சி வசதியுள்ள விஎச்எஃப் ரேடியோ.

இரண்டு திரைகளையும் ஈதர்நெட் கேபிளால் இணைத்தேன். சோனார் படம் வருகிறது, குறித்து வைத்த இடங்களும் வருகின்றன. படகு இருக்கும் இடம் மட்டும் கீழே வருவதில்லை. ரேடியோவும் இடம் இல்லை என்று பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. பிளாட்டரில் இடம் மிகச் சரியாகக் காட்டுகிறது. எங்கே தவறு?

நங்கூரம்:
ஈதர்நெட் வேலை செய்வதால் எல்லாமே அதில் போகும் என்று நினைக்க வேண்டாம். ரேடார், சோனார், வரைபடம் போன்ற கனமான தரவுக்குத்தான் அந்தக் கேபிள். இடம், வேகம், திசை எல்லாம் பல கருவிகளில், படகுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்எம்இஏ 2000 வயர் வழியாகத்தான் போகும். அந்த வயர் இரண்டு திரைகளிலும் செருகியிருக்கிறதா? பிளாட்டரின் நெட்வொர்க் மெனுவில் கருவிப் பட்டியல் இருக்கும். அதில் என்னென்ன தெரிகிறது?

சுக்கான்:
வயர் இருக்கிறது அண்ணா. படகை வாங்கும்போதே போட்டிருந்தார்கள். பட்டியலில் பிளாட்டர் மட்டும் நிலையாகத் தெரிகிறது. கீழ்த்தளத் திரை சில நேரம் வரும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

நங்கூரம்:
வந்து வந்து மறைகிறது என்றால் செட்டிங்கைத் தொடாதீர்கள். முதலில் வயரைப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு மெனுவை மாற்றி மாற்றிப் பார்த்தால் அப்புறம் எது முதல் கோளாறு என்றே தெரியாமல் போய்விடும்.

என்எம்இஏ 2000 என்பது ஒரே முதுகெலும்பு வயர். அதிலிருந்து 'T' வடிவ இணைப்பு போட்டு ஒவ்வொரு கருவிக்கும் கிளை இறங்கும். கிளை ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதுகெலும்பின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற 120 ஓம் மின்தடை கட்டாயம். அது இல்லாத முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து அடுத்த தரவைக் கெடுக்கும்.

நெட்வொர்க்கின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்துங்கள். ஒரு கிளையின் நுனியைக் கழற்றி, வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். இரண்டு டெர்மினேட்டரும் இணையாக இருப்பதால் சுமார் 60 காட்டினால் சரி. 120 என்றால் ஒன்று இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

பாய்மரம்:
கூடவே ஒன்று. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு, கடைசிக் கருவியின் நுனியில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் சரியாக இருந்து நுனியில் குறைந்தாலும் இதே போல வந்து வந்து மறையும்.

சுக்கான்:
118 ஓம்! கீழ்த்தள மரப்பலகைக்குப் பின்னால் முதுகெலும்பின் ஒரு முனை வெறும் மூடியோடு இருந்தது. டெர்மினேட்டர் போட்டேன், இப்போது 60. வோல்ட்டும் சரியாக இருக்கிறது. கீழ்த்தளத் திரையில் இடம் வந்துவிட்டது, மிக்க நன்றி.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. படகு கட்டிக் கிடக்கும்போதே வேகம் 2 நாட் என்று காட்டுகிறது. வரைபடத்தில் படகு திடீரென்று தள்ளிப் போய்த் திரும்பி வருகிறது. இது பிளாட்டரிலும் நடக்கிறது. முன்பு அப்படி இல்லை.

பாய்மரம்:
இப்போது நெட்வொர்க்கில் இரண்டு ஜிபிஎஸ் பேசுகின்றன. கீழ்த்தளத் திரையின் ஜிபிஎஸ்ஸுக்கு இரும்பில் பட்டுத் திரும்பிய சிக்னல்தான் கிடைக்கிறது. அது கணக்கிடும் தவறான இடமும் பிஜிஎன் 129025 என்ற செய்தியாக, விநாடிக்குப் பத்து முறை வரை எல்லாக் கருவிக்கும் போகிறது. பிளாட்டர் ஒரு நேரம் தன்னுடையதை எடுக்கிறது, ஒரு நேரம் அதை.

கீழ்த்தளத் திரையின் உள் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பிறகு இரண்டு திரைகளிலும் தரவு மூலம் என்ற மெனுவுக்குப் போய், தானாகத் தேர்ந்தெடு என்பதை விட்டுவிட்டு, பிளாட்டரின் ஜிபிஎஸ்ஸையே குறித்து வையுங்கள்.

சுக்கான்:
செய்துவிட்டேன். படகு ஒரே இடத்தில் நிற்கிறது. ரேடியோ மட்டும் பாக்கி. அது பழையது, என்எம்இஏ 2000 இல்லை. பிளாட்டரின் என்எம்இஏ 0183 என்ற பழைய முறை வெளியீட்டு வயர்களை ரேடியோவின் உள்ளீட்டில் சேர்த்தேன், ஒன்றும் வரவில்லை. கீழ்த்தளத் திரையில் இடம் வந்துவிட்டதால் இதைப் பிறகு பார்க்கலாமா?

நங்கூரம்:
வேண்டாம் தம்பி, இதை முடிக்காமல் கடலுக்குப் போகாதீர்கள். ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், ரேடியோ சானல் 70-இல் உங்கள் படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணையும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். இடம் இல்லையென்றால் எண் மட்டும் போகும். தேடி வருபவருக்கு எங்கே வருவது என்று தெரியாது.

மூன்றைப் பாருங்கள். பிளாட்டரின் பிளஸ் வெளியீடு ரேடியோவின் பிளஸ் உள்ளீட்டுக்கும், மைனஸ் மைனஸுக்கும் போகிறதா? நிறத்தை நம்பாதீர்கள், 0183-இல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறம் வைப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். அடுத்து, போர்ட்டின் தரவு வேகம் 4800 பாட் தானா? கடைசியாக, இடத்தைச் சொல்லும் ஆர்எம்சி, ஜிஜிஏ, ஜிஎல்எல் வரிகள் வெளியீட்டில் இயக்கப்பட்டிருக்கின்றனவா?

சோதிப்பதற்காகச் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். ரேடியோ திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை வந்தால் போதும்.

சுக்கான்:
போர்ட் 38400-இல் இருந்தது. முன்பு மற்றக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் பெட்டி ஒன்று அதில் மாட்டியிருந்தார்கள். 4800 ஆக்கியதும் ரேடியோவில் இடமும் நேரமும் வந்துவிட்டன. பீப் நின்றது. எம்எம்எஸ்ஐ எண்ணும் சரியாகப் பதிந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். பிளாட்டரை அணைத்துப் பார்த்தேன், ரேடியோவில் இடம் புதுப்பிக்கப்படுவதும் நின்றுவிட்டது.

பாய்மரம்:
ஆமாம், இப்போது எல்லாம் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இருக்கின்றன. மேலே திறந்த வெளியில் என்எம்இஏ 2000 ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்று வைத்தால் கீழ்த்தளத் திரை தப்பிக்கும். ஆனால் ரேடியோவுக்கு அது போதாது, 2000-இலிருந்து 0183-க்கு மாற்றும் கன்வர்ட்டரும் வேண்டும். ரேடியோ பழையது என்கிறீர்கள். அதை மாற்றும்போது உள்ளேயே ஜிபிஎஸ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், அது யாரையும் நம்பியிருக்காது. அதுவரை பிளாட்டர் நின்றுபோனால் ரேடியோவின் மெனுவில் இடத்தையும் யுடிசி (உலகப் பொது) நேரத்தையும் கையால் பதியலாம். அந்த மெனு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள்.

சுக்கான்:
பார்த்தேன், பதிந்தும் பழகிவிட்டேன். கூட வரும் இருவருக்கும் காட்டியிருக்கிறேன்.