லோக்கல்ஸ்டாக்கில் எஸ்3 ஓடுகிறது, எஸ்க்யூஎஸ் மட்டும் கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட் (அவசரம்)

முத்து_பேக்எண்ட்
வணக்கம். ஏடபிள்யூஎஸ்-ல் (அமேசான் க்ளவுட்) ஓடும் ஸ்பிரிங் பூட் (ஜாவா) அப்ளிகேஷன். இன்டக்ரேஷன் டெஸ்டுக்கு லோக்கல்ஸ்டாக் (ஏடபிள்யூஎஸ் சேவைகளை நம் மெஷினிலேயே போலியாக ஓட்டும் எமுலேட்டர்) வைத்திருக்கிறோம். எஸ்3 (ஃபைல் சேமிப்பு) டெஸ்ட் எல்லாம் பச்சை (பாஸ்). எஸ்க்யூஎஸ் (மெசேஜ் வரிசை சேவை) க்யூவுக்கு மெசேஜ் அனுப்புகிற டெஸ்ட் மட்டும் "கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட்" என்று விழுகிறது. அப்ளிகேஷன் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, போன வாரம் நன்றாகத்தான் ஓடியது. நாளை டெமோ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கயல்
எஸ்டிகே (ஏடபிள்யூஎஸ்-ஐக் கூப்பிடும் லைப்ரரி) வி1-ஆ வி2-ஆ? லோக்கல்ஸ்டாக் இமேஜ் எந்த வெர்ஷன்? கன்டெய்னரை டாக்கர் கம்போஸில் (கான்ஃபிக் ஃபைல் வைத்து) தூக்குகிறீர்களா, டெஸ்ட்கன்டெய்னர்ஸா (டெஸ்ட் கோடே கன்டெய்னரைத் தூக்கும் லைப்ரரி)? லேப்டாப்பில் விழுகிறதா, பில்ட் சர்வரிலா? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

நள்ளிரவு_டிப்ளாய்
க்ரெடென்ஷியலைப் பாருங்கள் ப்ரோ. எனக்கும் இதே மாதிரி வந்தது. ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ இரண்டுக்கும் "டெஸ்ட்" என்று போட்டதும் சரியாகிவிட்டது.

கயல்
க்ரெடென்ஷியல் தப்பென்றால் பதில் வேறு மாதிரி வரும். ரிஃப்யூஸ்ட் என்றால் அந்தப் போர்ட்டில் கேட்க ஆளே இல்லை என்று அர்த்தம். கீயைப் பார்க்கும் இடம் வரை ரிக்வெஸ்ட் போகவே இல்லை.

ரவுட்டர்_ராஜா
இது டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றுவது) பிரச்சினை. லோக்கல்ஸ்டாக் தரும் க்யூ முகவரியில் "லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்ஸ்டாக்.க்ளவுட்" என்று ஒரு டொமைன் வரும். அது 127.0.0.1-ஐ, அதாவது நம் மெஷினையே, காட்டும். வெளி டிஎன்எஸ் உள் முகவரி தந்தால் சில ரவுட்டர்கள் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். ரீபைண்ட் ப்ரொடெக்‌ஷன் என்பார்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (பெயருக்கு ஐபியை நம் மெஷினிலேயே எழுதி வைக்கும் ஃபைல்) அந்தப் பெயரைச் சேர்த்துப் பாருங்கள்.

கயல்
அப்படியானால் "அன்நோன் ஹோஸ்ட்" அல்லவா வர வேண்டும்? பெயர் ஐபியாக மாறிய பிறகுதான் ரிஃப்யூஸ்ட் வரும்.

ரவுட்டர்_ராஜா
எல்லா நேரமும் அப்படி இல்லை. எதற்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். செலவா என்ன?

மூத்த_மேவன்
மாதத்துக்கு இரண்டு இழையாவது இப்படி வருகிறது. ஆவணத்தைத் திறந்து பார்ப்பதில்லை, எரர் லாகை முழுதாக ஒட்டுவதில்லை, ஆனால் தலைப்பில் "அவசரம்" மட்டும் தவறாமல் இருக்கும். பாத் ஸ்டைல் ஆக்சஸ் போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் காரணம்.

கயல்
பாத் ஸ்டைல் எஸ்3 பக்கெட்டுக்கு, பக்கெட் பெயரை ஹோஸ்ட் பெயரில் சேர்க்காமல் யூஆர்எல் பாதையில் வைப்பது. அவருக்கு எஸ்3 ஓடுகிறது சார்.

மூத்த_மேவன்
அடிப்படையைச் சரிபார்க்கச் சொன்னேன்.

முத்து_பேக்எண்ட்
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். எஸ்டிகே வி1 (பழைய ப்ராஜெக்ட்). இமேஜ் 3.4. ஹோஸ்ட்ஸ் ஃபைல் பார்த்தேன், மாற்றம் இல்லை. பக்கத்து சீட் நண்பர் மெஷினில் இதே கோடு "நான்எக்ஸிஸ்டென்ட் க்யூ" என்று வேறு எரர் தருகிறது. குழப்பமாக இருக்கிறது.

இலக்கியா_எஸ்ஆர்இ
இரண்டு மெஷினில் இரண்டு விதமான எரர். இதை முதல் போஸ்டிலேயே சொல்லியிருக்கலாமே! மூன்று விஷயம் வேண்டும். 1) எரர் வரி முழுதாக, போர்ட் நம்பரோடு. 2) டெஸ்ட் ஓடும்போது இன்னொரு டெர்மினலில் "டாக்கர் பிஎஸ்" அடித்தால் லோக்கல்ஸ்டாக் வரியில் என்ன போர்ட் தெரிகிறது. 3) விழுவது க்ரியேட் க்யூவிலா, சென்ட் மெசேஜிலா.

நள்ளிரவு_டிப்ளாய்
நண்பருக்கு க்யூ இல்லை என்று வந்தால் அது ரீஜன் ப்ரோ. லோக்கல்ஸ்டாக்கில் ரீஜனுக்கு ரீஜன் க்யூ தனி. மும்பையில் க்ரியேட் செய்துவிட்டு யுஎஸ் ஈஸ்ட்டில் தேடினால் கிடைக்காது.

முத்து_பேக்எண்ட்
க்ரியேட் க்யூ போகிறது, சென்ட் மெசேஜில்தான் விழுகிறது. எரர்: "கனெக்ட் டு எஸ்க்யூஎஸ்.யுஎஸ்-ஈஸ்ட்-1.லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்ஸ்டாக்.க்ளவுட்:4566 ஃபெயில்டு: கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட்". டாக்கர் பிஎஸ்-ல் 32771->4566 என்று இருக்கிறது. ஆமாம், சொல்ல விட்டுவிட்டேன், திங்கட்கிழமை கம்போஸிலிருந்து டெஸ்ட்கன்டெய்னர்ஸுக்கு மாறினோம். அது டெஸ்ட் செட்டப் மட்டும்தான்.

இலக்கியா_எஸ்ஆர்இ
"மட்டும்தான்" என்கிறீர்களே, எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கம்போஸில் 4566:4566 என்று போர்ட்டைக் கட்டி வைத்திருந்தீர்கள். கன்டெய்னருக்கு உள்ளேயும் வெளியேயும் அதே எண். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் அப்படிச் செய்யாது. உள்ளே 4566, வெளியே அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஏதோ ஒரு போர்ட். உங்களுக்கு 32771 கிடைத்திருக்கிறது.

க்ரியேட் க்யூ நீங்கள் க்ளையன்டுக்குக் கொடுத்த எண்ட்பாயிண்ட்டுக்குப் போகிறது. அது கெட் எண்ட்பாயிண்ட் மெத்தட் தந்த முகவரி, அதில் 32771 இருக்கும், அதனால் போய்ச் சேருகிறது. பதிலாக ஒரு க்யூ யூஆர்எல் வருகிறது. அந்த யூஆர்எல்லை எழுதுவது கன்டெய்னருக்குள் இருக்கும் லோக்கல்ஸ்டாக். தான் வெளியே எந்தப் போர்ட்டில் தெரிகிறோம் என்பது அதற்குத் தெரியாது, அதனால் 4566 என்றே எழுதித் தருகிறது. வி1 எஸ்டிகே சென்ட் மெசேஜை உங்கள் எண்ட்பாயிண்ட்டுக்கு அனுப்பாது, க்யூ யூஆர்எல்லில் இருக்கிற ஹோஸ்டுக்கே நேராக அனுப்பும். உங்கள் லேப்டாப்பில் 4566-ல் யாரும் இல்லை. ரிஃப்யூஸ்ட்.

எஸ்3-ல் இப்படித் திரும்பி வரும் முகவரி எதையும் நீங்கள் பயன்படுத்துவதில்லை, அதனால் தப்பித்தது.

நண்பர் மெஷினில் பழைய கம்போஸ் கன்டெய்னர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பந்தயம். அங்கே 4566-ல் ஆள் இருக்கிறது, ஆனால் வேறு ஆள். புது கன்டெய்னரில் க்ரியேட் செய்த க்யூவைப் பழைய கன்டெய்னரிடம் போய்க் கேட்டால் இல்லை என்றுதானே சொல்லும்?

சரி, வழி. கன்டெய்னரைத் தொடங்கும் இடத்தில் எஸ்க்யூஎஸ் எண்ட்பாயிண்ட் ஸ்ட்ராட்டஜி என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு "டைனமிக்" என்று கொடுங்கள். அப்போது ரிக்வெஸ்ட் எந்த முகவரிக்கு வந்ததோ அதையே வைத்து க்யூ யூஆர்எல் தரும்.

கயல்
அருமை. எஸ்3 பாத் ஸ்டைல் பற்றி ஒன்று. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் எண்ட்பாயிண்ட்டில் ஹோஸ்ட் பெயருக்குப் பதில் ஐபியைத் தருவதே அதற்காகத்தான். ஐபியைக் கண்டால் எஸ்டிகே தானாகவே பாத் ஸ்டைலுக்கு மாறிவிடும். அதனால்தான் முத்து எதுவும் போடாமலே ஓடியிருக்கிறது.

மூத்த_மேவன்
இவ்வளவு சுற்று எதற்கு? வி1 எஸ்டிகேயின் ஆயுள் 2025 டிசம்பர் 31 வரைதான் என்று எப்போதோ அறிவித்துவிட்டார்கள். 2024 ஜூலை கடைசியிலேயே மெயின்டனன்ஸ் மோடுக்குப் போய்விட்டது. வி2 வந்து இத்தனை வருடமாகிறது, இன்னும் மாறாமல் இங்கே வந்து அழுதால் எப்படி?

இலக்கியா_எஸ்ஆர்இ
மாற வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வி2-வுக்குப் போனாலும் லோக்கல்ஸ்டாக் எழுதித் தரும் யூஆர்எல்லில் 4566 தான் இருக்கும். அதை வேறு சர்வீசுக்குக் கொடுத்தாலோ டேட்டாபேஸில் சேமித்தாலோ பழைய கதைதான். நாளை டெமோ வைத்திருப்பவரிடம் இன்று மைக்ரேஷன் செய்யச் சொல்கிறீர்களே.

பில்_பார்ப்பவன்
நான் ஒன்று கேட்கலாமா? எதற்கு இந்த எமுலேட்டர் எல்லாம்? ஒரு டெவ் அக்கவுன்ட் வைத்து நிஜ எஸ்க்யூஎஸ்-லேயே டெஸ்ட் ஓட்டலாமே. மாதம் முதல் 10 லட்சம் ரிக்வெஸ்ட் இலவசம். டெஸ்டுக்கு அது தாராளம்.

கயல்
பத்து டெவலப்பர் ஒரே க்யூவைப் பகிர்ந்தால் என் மெசேஜை இன்னொருவர் டெஸ்ட் எடுத்துக்கொண்டு போய்விடும். விசிபிலிட்டி டைம்அவுட் (ஒருவர் எடுத்த மெசேஜ் மற்றவருக்குத் தெரியாத நேரம்) முடியும் வரை, டிஃபால்ட் 30 நொடி, என் டெஸ்ட் காத்துக்கிடக்கும். ஆளுக்கொரு க்யூ என்றால் அதைக் க்ளீன் செய்ய ஒரு ஸ்க்ரிப்ட், அது உடைந்தால் அதற்கு ஒரு ஆள்.

பில்_பார்ப்பவன்
ஐஏஎம் பாலிசி (யாருக்கு என்ன அனுமதி என்ற விதி) தப்பு என்பதை உங்கள் லோக்கல்ஸ்டாக் சொல்லுமா? இலவச எடிஷனில் அனுமதிச் சோதனையே கிடையாது. கேட்டவருக்கெல்லாம் கதவு திறக்கும். லோக்கலில் எல்லாம் பச்சை, ப்ரொடக்‌ஷனில் "ஆக்சஸ் டினைட்". பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கயல்
அதைப் பிடிக்க ஸ்டேஜிங் (ப்ரொடக்‌ஷன் போன்ற சோதனைச் சூழல்) இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் இன்டர்நெட் தேவைப்படுகிற யூனிட் பில்ட் எனக்கு வேண்டாம்.

ஸ்காலா_சுந்தர்
எஸ்க்யூஎஸ் மட்டும் போதும் என்றால் எலாஸ்டிக்எம்க்யூ பாருங்கள். ஸ்காலாவில் எழுதியது, 9324 போர்ட். சின்னது, சட்டென்று எழுந்துவிடும்.

இலக்கியா_எஸ்ஆர்இ
அவருக்கு எஸ்3-யும் வேண்டுமே. ஒன்றுக்கு இரண்டு கன்டெய்னர் ஆகும். பில்_பார்ப்பவன் சொல்கிற ஐஏஎம் விஷயம் நியாயம், நாங்களும் ராத்திரியில் ஒரு முறை மட்டும் நிஜ அக்கவுன்டில் ஒரு சின்ன செட் டெஸ்ட் ஓட்டுகிறோம். பகலெல்லாம் லோக்கல்ஸ்டாக்.

நள்ளிரவு_டிப்ளாய்
சுலபமாக 4566-ஐயே ஃபிக்ஸ்டு போர்ட்டாகக் கட்டிவிடலாமே?

இலக்கியா_எஸ்ஆர்இ
ஒரே பில்ட் மெஷினில் இரண்டு ஜாப் சேர்ந்து ஓடினால் இரண்டாவது கன்டெய்னர் எழவே எழாது, போர்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் ரேண்டம் போர்ட் தருவதே அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான்.

ரவுட்டர்_ராஜா
டைனமிக் போட்டால் டொமைன் பெயரே வராது, ஐபி வரும். ஆக டிஎன்எஸ்-ஐச் சுற்றிப் போகிறீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

கயல்
😐

முத்து_பேக்எண்ட்
டைனமிக் கொடுத்தேன், பச்சை. நண்பர் மெஷினில் பழைய கம்போஸ் கன்டெய்னர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்தியாயிற்று. ரொம்ப நன்றி இலக்கியா மேடம், கயல்.

இலக்கியா_எஸ்ஆர்இ
மகிழ்ச்சி. இமேஜில் 3.4 என்று வெர்ஷனைக் கட்டி வைத்திருப்பது நல்லது, "லேட்டஸ்ட்" பக்கம் போகாதீர்கள். க்யூ யூஆர்எல் வடிவம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியிருக்கிறது.

புதுசு_புரோகிராமர்
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் லேப்டாப்பில் ஓடுகிறது, கிட்லாபில் டாக்கர்-இன்-டாக்கர் ரன்னரில் மட்டும் விழுகிறது. முத்து அண்ணா, உங்கள் பைப்லைனில் என்ன செய்தீர்கள்?

கயல்
உங்கள் கோடில் எங்காவது "லோக்கல்ஹோஸ்ட்" என்று கையால் எழுதியிருக்கிறீர்களா? அங்கே கன்டெய்னர் இருக்கும் ஹோஸ்டின் பெயர் "டாக்கர்". கெட் ஹோஸ்ட் மெத்தட் தருவதையே எடுங்கள்.

புதுசு_புரோகிராமர்
பார்த்துச் சொல்கிறேன் அக்கா. முத்து அண்ணா இருக்கிறாரா?

மூத்த_மேவன்
புதுப் பிரச்சினைக்குப் புது இழை தொடங்கவும். லாகை முழுதாக ஒட்டவும்.