விமான நிலையச் சோதனையால் உண்மையில் என்ன பயன்?

பிடோக்வாசி:
சென்ற மாதம் தாயாருடன் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பியபோது, அறுவை சிகிச்சையில் மாற்றிய அவருடைய மூட்டு காரணமாக அங்கிருந்த சோதனை வாயிலில் மணி ஒலித்தது. மருத்துவர் கடிதத்தைக் காட்டியும் வாங்கிப் பார்க்கவில்லை. தனியறை கேட்டதற்கு நேரமில்லை என்றார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் சேலை மடிப்புவரை தடவிப் பார்த்தார்கள். அடியில் கால்வாசியே மீதமிருந்த 200 மில்லிலிட்டர் தைலச் சீசாவும் குப்பைத் தொட்டிக்குப் போனது. இத்தகைய சோதனை விமானத்தைக் காக்கிறதா, அல்லது காப்பதுபோல் தோற்றம் தருகிறதா? பயணச்சீட்டு வாங்கிவிட்டாலே நம் உடல்மீதான உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிவிடுகிறோமா?

ஓய்வுபெற்றவன்:
சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். தைலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: 100 மில்லிலிட்டர் என்பது கொள்கலனின் அளவுக்கான வரம்பு, உள்ளே இருப்பதற்கானது அன்று. எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவர் ஒவ்வொரு சீசாவிலும் எவ்வளவு மீதம் என்று அளந்துகொண்டிருக்க இயலாது. திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் அம்பலமானதையடுத்து வந்த விதி இது. சிங்கப்பூரில் 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

தாயாருக்கு நேர்ந்தது தவறு. பெண்ணைப் பெண்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும், தனியறை கேட்டால் தர வேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முறை. வெடிபொருள் துகள் இருக்கிறதா என்று பார்க்க, கையைத் துடைத்தெடுத்துக் கருவியில் வைக்கும் துணியிலும் அப்படித்தான்: கைக்களிம்பிலுள்ள கிளிசரினுக்குக்கூட அந்தக் கருவி சில வேளைகளில் எச்சரிக்கை தரும், அதனால் எவரையும் குற்றவாளிபோல் நடத்தக் கூடாது. ஆனால் சோதனையே வீண் என்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் 1968க்கும் 1972க்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடத்தல்கள் நிகழ்ந்தன. 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கிய பின் அவை மளமளவெனக் குறைந்தன.

ஜூரோங் வாசகர்:
ஐயா, அந்தக் கடத்தல்களில் பல கியூபாவுக்குச் செல்வதற்காகவே நடந்தன. அதே 1973இல்தான் கடத்தல்காரர்களைத் தண்டிக்கவோ திருப்பி அனுப்பவோ கியூபாவும் அமெரிக்காவும் உடன்பாடு கண்டன. புகழ் முழுவதையும் சோதனை வாயிலுக்கே கொடுப்பது பொருந்தாது. தாங்கள் சொன்ன 2006 சதியைக் கண்டுபிடித்ததும் எக்ஸ்ரே அன்று, காவல்துறையினரின் நீண்ட கண்காணிப்புதான். 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருளுடன் ஏறிய ரிச்சர்ட் ரீடை மடக்கியவர்கள் விமானப் பணியாளர்களும் சக பயணிகளுமே. அதற்காக அமெரிக்கா பயணிகளின் காலணியைக் கழற்ற வைத்து, 2025 ஜூலையில்தான் அந்த விதியைக் கைவிட்டது. 2015இல் வெளியான தகவலின்படி, அந்நாட்டு அதிகாரிகளே மாறுவேடத்தில் போலி வெடிகுண்டும் ஆயுதமும் கொண்டுசென்று பார்த்த 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. நம் ஊரையும் மறக்க வேண்டாம்: 1991 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117 விமானத்தை நால்வர் கடத்தியபோது, சாங்கி விமான நிலையத்தில் பயணிகளை மீட்டவர்கள் அதிரடிப்படையினர்.

சோதனை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியோடு சர்வ சாதாரணமாக ஏறிவிட முடியாது என்ற அளவில் அது போதுமானது. அந்த அளவுக்கு மேல் மக்களை அவமதிப்பதால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடாது.

உரிமையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய கவலை வேறு. சேலை மடிப்பைத் தடவுவது அந்த நிமிடத்தோடு முடிகிறது. 2024 முதல் சாங்கியில் கடப்பிதழைக் காட்டாமலே முகத்தையும் கருவிழியையும் கொண்டு குடிநுழைவைக் கடக்கிறோம். வசதிதான், நானும் அப்படியே போகிறேன். ஆனால் தனியுரிமைக்கென நம் அரசமைப்பில் தனிப் பிரிவு இல்லை, 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு வேறு விதிகள். அந்தப் பதிவு எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பிடோக்வாசி:
இருவருக்கும் நன்றி. நாள், நேரம், நுழைவாயில் எண் ஆகியவற்றுடன் அந்த விமான நிலையத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். அம்மா மட்டும் "அதெல்லாம் எதற்கு, அடுத்த முறை தைலத்தைச் சின்னச் சீசாவில் ஊற்றிக்கொள்கிறேன்" என்கிறார்.