ட்ரோன் வாங்க எவ்வளவு ஒதுக்கணும்? வாங்கினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பேராவூரணிக்காரன்:
வணக்கம். எங்களுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல். 2018 கஜா புயல்ல பாதித் தோப்பு போச்சு. அப்புறம் நட்ட கன்னுங்க இப்பத்தான் பாளை விடுது. மேலேயிருந்து தோப்பை ஒரு தடவை பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தை மாசம் அக்கா மகன் கல்யாணமும் வருது. கையில 40,000 இருக்கு. ஆன்லைன்ல பார்த்தா 2,500க்கும் ட்ரோன் இருக்கு, ஒரு லட்சத்துக்கும் இருக்கு. ரெண்டும் பறக்குதுங்கறாங்க. வாங்கி நல்லா இருக்கறவங்க, வாங்கிக் கையைச் சுட்டுக்கிட்டவங்க, ரெண்டு பேருமே சொல்லுங்க.

மொட்டைமாடி அப்பா, சென்னை:
2,500 ரூபாய்க் கதை என்கிட்ட இருக்கு சார். பையன் பிறந்தநாளுக்கு 2,499க்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ‘4கே இரட்டை கேமரா’ன்னு கொட்டை எழுத்து. படத்தைப் பார்த்தா எங்க தெருவா, பக்கத்துத் தெருவான்னே சந்தேகம். 15 நிமிஷம் பறக்கும்னு போட்டிருந்தது, எங்க வீட்டுக் கடிகாரத்துல ஆறு.

அதையெல்லாம் பொறுத்துக்கலாம். அதுல ஜிபிஎஸ் கிடையாது, அதுதான் வினை. ஜிபிஎஸ் இருக்கற ட்ரோன்ல ரிமோட் ஸ்டிக்கை விட்டா நின்ன இடத்துல நிக்கும். இது காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கும். சாயங்காலம் நாலரை மணிக்கு மாடியில விட்டோம். கடல் காத்து அதை மேற்கே தூக்கிட்டுப் போச்சு. மூணாவது வீட்டு மாடியில, காயப்போட்ட வடகத்துக்கு நடுவுல கிடந்தது. அந்த மாமி காசு கேட்கலை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

ஒண்ணு சொல்லணும். ஃபேனை நிறுத்திட்டுக் கட்டில் மேல விட்டுக் கை பழக அது போதும். பையன் அப்படித்தான் ஸ்டிக் பழகினான். தோப்பைப் பார்க்க உதவாது.

காரைக்குடி ஸ்டுடியோ:
அண்ணே, கல்யாணம்னு சொன்னதால நான் கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

ட்ரோன் விலை வேற, ட்ரோன் செலவு வேற. நான் முதல்ல எடுத்தது 249 கிராம் மினி ரகம், 38,000. கூட வந்தது ஒரே பேட்டரி. 31 நிமிஷம்னு போட்டிருப்பாங்க. அது காத்தே இல்லாத இடத்துல, சார்ஜ் சுத்தமாத் தீர்ற வரைக்கும் வெச்ச கணக்கு. நான் 25 சதவீதம் வந்தா இறக்கிடுவேன், அதனால 20 நிமிஷம் கிடைச்சாப் பெரிசு. மாப்பிள்ளை அழைப்புல கார் கோயிலை விட்டுக் கிளம்பறதுக்குள்ள அது முடிஞ்சிடும். அப்புறம் கூடுதலா ரெண்டு பேட்டரி, மூணையும் சொருகற சார்ஜர், உச்சி வெயில்ல கேமராவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர், நல்ல மெமரி கார்டு, மாத்து இறக்கை, பை. எல்லாம் சேர்த்து 57,000ல வந்து நின்னுது. கார்டுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, வேகமாப் பதியற ரகத்துக்கு யூ3ன்னு போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க. சாதாரணக் கார்டு போட்டு ஒரு ஊர்வலம் முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து சொருகினா ஃபைல் திறக்கவே இல்லை. அந்தப் பார்ட்டிக்குப் பதில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இறக்கை மாத்தறதையும் கத்துக்கணும். கம்மல் திருகாணி அளவுக்குத்தான் ஸ்க்ரூ இருக்கும், பாய் விரிச்சு உட்கார்ந்துதான் மாத்தணும். இறக்கையில ரெண்டு வகை. கோடு போட்டது ட்ரோன்ல கோடு போட்ட கைக்கு, கோடு இல்லாதது மத்ததுக்கு. ஒரு முகூர்த்தத்துல அவசரத்துல எங்க பையன் மாத்தி முடுக்கிட்டான். வாசல்ல வெச்சு ஸ்டிக்கைத் தூக்கினேன். மேலே போகாம மல்லாந்து விழுந்து, பொண்ணு வீட்டுக் கோலத்துல நாலு வட்டம் போட்டுச்சு.

ஆடியில எங்களுக்கு வேலை இல்லை. மீதி அஞ்சு சதவீதத்தோட ஒரு பேட்டரியை அப்படியே பீரோவுல போட்டுட்டேன். ஆவணியில எடுத்தா சார்ஜே ஏறலை. பாதி சார்ஜோட வைக்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாலாயிரத்துச் சொச்சம் போச்சு.

என்னைக் கேட்டா, ஒரே ஒரு கல்யாணத்துக்காக வாங்காதீங்க. ட்ரோனும் ஓட்டற ஆளும் சேர்த்து ஒரு நாளைக்கு எங்க பக்கம் 6,000 வாங்கறோம். கீழே விழுந்தா நஷ்டம் எங்களோடது.

உடுமலைக்காரன்:
ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. என்னோடது அம்மியில்லைங்க, 249 கிராம்.

எங்க ஊரு பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கறதுனாலதான் இத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. அது தெரிஞ்சும் ஜூலையில கொண்டு போய் விட்டேன். காத்தோட போறப்போ சும்மா வழுக்கிட்டுப் போச்சுங்க. எட்டு நிமிஷத்துல ஒன்றரை கிலோமீட்டர். திருப்பினேன், வரலை. மோட்டார் முழு வேகத்துல சுத்துது, திரையில தூரம் மட்டும் குறையவே மாட்டேங்குது. இந்த ரகம் விநாடிக்கு 10 மீட்டர் காத்து வரைக்கும்தான் தாங்கும். கீழே இருக்கற காத்தை வெச்சு மேலே இருக்கறதை எடை போட்டது என் தப்பு. பேட்டரி தீரப் போறப்போ தானா இறங்கிடுச்சு. ரெண்டு நாள் தேடினேன். மூணாம் நாள் சோளக்காட்டுல ஆடு மேய்ச்ச அம்மா எடுத்து வெச்சிருந்தாங்க. ஒரு கை உடைஞ்சு, கேமரா தொங்கிட்டு இருந்துச்சு. ரிப்பேருக்குச் சொன்ன காசுக்குப் பழைய ட்ரோனே வாங்கிடலாம்.

இப்ப விட்டா முதல்ல காத்துக்கு எதிரா அனுப்புவேன், வரும்போது காத்தே கூட்டிட்டு வந்துடும். உங்க ஊர்லயும் மதியத்துல கடல் காத்து இருக்குமுங்க, காலையில ஏழு மணிக்குள்ள விடுங்க.

மன்னார்குடி உழவன்:
வயல்னு சொன்னீங்களே, மருந்து அடிக்கவும் ஆகுமான்னு நினைச்சுடாதீங்க தம்பி. அது வேற சாதி. 10 லிட்டர் டேங்க் வெச்ச ட்ரோன் வண்டி, எங்க குழு எடுத்தப்போ ஆறு லட்சத்துக்கு மேல. அரசு மானியம் உண்டு: சிறு, குறு விவசாயி, பெண்கள், பட்டியல் வகுப்பினருக்குப் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம். மத்தவங்களுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரைக்கும். மகளிர் குழுவுக்குத் தனித் திட்டத்துல 80 சதவீதம், 8 லட்சம் வரைக்கும். மானியம் வண்டியை வாங்க வைக்கும், ஓட்ட வைக்காது. ஒரு பேட்டரி ஒரு ஏக்கருக்கு. இருக்கற பேட்டரி காலியாகக் காலியாக வரப்புலயே ஜெனரேட்டர் போட்டு ஏத்தணும், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போகக் குட்டி யானை வண்டி வேணும். ஓட்டறவருக்குப் பயிற்சியும் ரிமோட் பைலட் சான்றிதழும் வேணும். பத்தாவது பாஸ், 18 வயசுக்கு மேல. சான்றிதழ் 10 வருஷத்துக்குச் செல்லும்.

கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணி சுமக்கணும், இதுல 10 லிட்டர்ல ஏழெட்டு நிமிஷத்துல முடியும். சம்பா நேரத்துல எங்களைக் கையில பிடிக்க முடியாது. மாசியிலேர்ந்து வண்டி கொட்டகையில தூங்கும். ரெண்டு மூணு ஏக்கர்க்காரர் ஏக்கருக்கு 500, 600 கொடுத்து வாடகைக்குக் கூப்பிடறதுதான் புத்தி.

துபாய் ரிட்டர்ன்:
துபாய்ல விலை குறைவுன்னு யாராவது சொன்னா நம்பி வாங்கிட்டு வராதீங்க. முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9லேர்ந்து தடை. நான் கஸ்டம்ஸ்ல எழுதிக் கொடுக்காம பெட்டிக்குள்ள துணியைச் சுத்தி வெச்சேன். ஸ்கேன்ல அது துணி மாதிரி தெரியலை. அங்கேயே விட்டுட்டு வந்தேன்.

சாலிடர் கோவை:
தடை முழு ட்ரோனுக்குத்தான், பாகங்களுக்கு இல்லை. அதனால நான் ஃப்ரேம், மோட்டார், பறக்கறதைக் கட்டுப்படுத்தற போர்டு (ஃப்ளைட் கன்ட்ரோலர்) தனித்தனியா வாங்கி நானே கட்டினேன். 26,000 ஆச்சு. ட்ரோன் பார்க்கறதைக் காட்டற கண்ணாடி, ரிமோட்டெல்லாம் தனி, அந்தக் கணக்கை வீட்டுல சொல்லலை. இவருக்கு இது வேண்டாம்.

காரைக்குடி ஸ்டுடியோ:
சட்டம் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். 2021 ட்ரோன் விதியில 250 கிராம் வரைக்கும் நானோ. அதுக்கு பைலட் சான்றிதழும் வேண்டாம், மூணாம் நபர் இன்ஷூரன்ஸும் கட்டாயமில்லை. அதைத் தாண்டி 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. சொந்த ஆசைக்கு விட்டா சான்றிதழ் வேண்டாம், காசு வாங்கிட்டு விட்டா வேணும். அந்த வரம்பைத் தாண்டக் கூடாதுன்னுதான் எல்லாரும் 249ல நிறுத்தறாங்க. ஆனா சின்னதுன்னு எங்கே வேணா விட முடியாது. அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு பார்த்துட்டுத்தான் விடணும். பச்சையிலயே 400 அடிதான் உச்சம். ராமேஸ்வரத்துல ஒரு ப்ரீவெட்டிங் வந்தது. உச்சிப்புளியில கடற்படை விமானதளம் இருக்கு. வரைபடத்தைத் திறந்து பார்த்துட்டு ட்ரோன் இல்லாமத்தான் ரேட் பேசினேன்.

கடையில இன்வாய்ஸ் தர மாட்டேன்னு சொன்னா 5,000 குறைச்சாலும் வாங்காதீங்க. கோளாறு வந்தா யாரும் தொட மாட்டாங்க.

உடுமலைக்காரன்:
பழசு எடுத்தாலும் தப்பில்லைங்க. ஆப்ல பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்குன்னு காட்டும், பாருங்க. ஆன் பண்ணினதும் கேமரா நடுங்காம நேரா நிக்கணும். மடக்கற மூட்டுல கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முக்கியமா, விக்கறவரு ஆப்ல இருக்கற அவரோட கணக்குலேர்ந்து ட்ரோனை உங்க கண்ணு முன்னாடியே விடுவிக்கணும்.

பேராவூரணிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஆன கதையைச் சொல்லிடறேன்.

கல்யாணத்துக்குக் காரைக்குடி அண்ணன் சொன்ன மாதிரி வாடகைக்குப் பேசிட்டேன், எங்க ஊர்ல 5,500. மருந்துக்கு நம்ம ஊர்க் குழுவையே கூப்பிட்டுக்கறேன். எனக்குன்னு ஒண்ணு பழசா எடுத்தேன். தஞ்சாவூர்ல ஒரு தம்பி பெரிய ட்ரோனுக்கு மாறினார், 2021ல வாங்கின பில்லோட கொடுத்தார். 249 கிராம், மூணு பேட்டரி, 27,000. ஒரு பேட்டரி 61 தடவை, மத்த ரெண்டும் 40க்குள்ள. மாத்து இறக்கைக்கும் கார்டுக்கும் 2,600. மீதி 10,400ஐ பேங்க்லயே விட்டு வெச்சிருக்கேன், சோளக்காட்டுக்குன்னு வெச்சுக்குங்களேன்.

வரைபடத்துல எங்க தோப்பு பச்சை. தொடர்பு அறுந்தா ட்ரோன் தானா திரும்பி வர்ற உயரத்தை 40 மீட்டர்னு வெச்சேன், எங்க பழைய மரத்துல 20 மீட்டரைத் தாண்டினது நாலஞ்சு நிக்குது. இன்னைக்குக் காலையில ஆறே முக்காலுக்கு விட்டேன். அப்பா பக்கத்துல நின்னு போன்லயே பார்த்துட்டு இருந்தாங்க. புதுக் கன்னுங்க வரிசை நல்லாத் தெரிஞ்சுது. வரிசைக்கு நடுவுல சாயம் போன மாதிரி வட்டம் வட்டமா இருந்துச்சு. என்னன்னு எனக்குப் புரியலை. கஜாவுல வேரோட சாஞ்ச மரத்துக் குழியை மூடின இடம்னு அப்பாதான் சொன்னாங்க. எண்ணச் சொன்னாங்க. நாப்பத்து மூணு வரைக்கும் எண்ணினேன், பேட்டரி 30 காட்டிச்சு, இறக்கிட்டேன். மேற்குப் பக்கம் இன்னும் பாக்கி. நாளைக்கு ரெண்டாவது பேட்டரியையும் எடுத்துட்டுப் போகணும்.